இன்னும் அரைக் கரண்டி

அண்ணாச்சி, அந்த ஜன்னல் இடத்தில் மட்டும் உட்காராதீங்க. இங்கே, எனக்கு எதிரே வாங்க. அந்த இடம் ஓர் ஆளுக்காக வைத்திருக்கிறோம். பாசித் என்று ஒரு பையன், பத்து வயது. ரவணசமுத்திரத்தில் ஏறுவான். ஏறுவான் என்றுதான் நினைக்கிறேன். ஏறாமலும் போகலாம். ஏறினால் உட்கார இடம் வேண்டும் இல்லையா, அதற்காக.

இது என் மகள் செண்பகா. ஒன்பது வயது. வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாளே, நம்மைக் கவனிக்கவில்லை என்று நினைக்காதீங்க. ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்கு ஆட்டிசம். சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டையில் ஒரு வகுப்புக்குப் போகிறோம். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். அவளைக் கேட்காமல் சொல்லவில்லை. "வண்டியில் யாராவது நல்ல மனுஷர் கிடைத்தால் சொல்லலாமா?" என்று காலையிலேயே கேட்டுவிட்டேன். "சொல்லு. ஆனா எண்ணிக்கையைத் தப்பாச் சொல்லாத" என்றாள்.

தென்காசியிலிருந்து ரவணசமுத்திரம் அரை மணி நேரம். நேரம் நிறைய இருக்கிறது. பேப்பர் படிக்கப் போறீங்களா? படிங்க, படிங்க. படித்துக்கொண்டே கேட்கலாம்.

முறுக்கு எடுத்துக்கிடுங்க. வேண்டாமா? நம் கையால் சுட்டது, அண்ணாச்சி. ஒன்றே ஒன்று. இதோ, பேப்பர் மேலேயே வைத்துவிட்டேன். ஒற்றையாகக் கொடுக்கக் கூடாது, இன்னொன்றும் இருக்கட்டும்.

என் பெயர் ஆவுடையப்பன். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறுவது வேலை. இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. எனக்குக் கீழே பதினாலு பேர் இருக்கிறார்கள். சமையல் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், பரிமாறுகிறவனுக்கு முகம் படிக்கத் தெரியாவிட்டால் விருந்து கெட்டுப்போகும். நான் வரிசையில் ஒரு நடை நடந்தால் போதும். இவர் ரசத்துக்குக் காத்திருக்கிறார், இவருக்கு மாப்பிள்ளை வீட்டோடு கோபம், இந்த அம்மாவுக்கு அவியல் பிடித்துவிட்டது, கேட்க வெட்கப்படுகிறார், எல்லாம் முகத்தில் எழுதியிருக்கும். இப்போது நீங்க பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறீங்க. கதையை எவ்வளவு ஆழ்ந்து கேட்கிறீங்க என்று அதிலேயே தெரிகிறது.

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. "போதும்" என்று சொல்கிற ஆளுக்கு இன்னும் அரைக் கரண்டி. நம் பக்கத்தில் யாராவது வாய் திறந்து "இன்னும் ஊத்துங்க" என்று கேட்பார்களா? போதும் போதும் என்பார்கள். அதை அப்படியே நம்பிக்கொண்டு நகர்ந்தால், வெளியே போய், "சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, கவனிக்கத்தான் ஆளில்லை" என்பார்கள். சிலர் இலையைக் கையால் மறைப்பார்கள். அதற்கும் வழி உண்டு. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும் பாருங்க. கரண்டியை லேசாகச் சாய்த்தால், கையில் ஒரு சொட்டுப் படாமல் நேரே சோற்றில் போய் விழும். என் ஆட்கள் பதினாலு பேரில் ஒருத்தனுக்கும் அது வராது. எனக்கு வரும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லா வினையும் அந்த அரைக் கரண்டியால் வந்ததுதான்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. எனக்கும் வேலை கிடையாது. மற்ற நாட்களில் செண்பகாவை எங்கே கூட்டிப் போவதானாலும் என் மனைவி காந்திமதிதான். இந்த ஆடியில் பாளையங்கோட்டையில் ஒரு புது வகுப்பு ஆரம்பிக்கிறார்கள் என்றதும், "இந்தத் தடவை நீங்க போங்க. நானும் அஞ்சு சனிக்கிழமை படுத்துத் தூங்குதேன்" என்றாள். ஐந்து வாரம், ஆறு பிள்ளைகள். மற்றவர்களோடு எப்படிப் பழகுவது என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. பழகுவதைச் சொல்லிக்கொடுக்கப் பாளையங்கோட்டை வரைக்கும் போக வேண்டுமா? வீட்டிலேயே நான் ஒருத்தன் இருக்கிறேனே!

முதல் சனிக்கிழமை, இதே வண்டி. ரவணசமுத்திரத்தில் ஓர் அம்மாவும் பையனும் ஏறி எதிரே உட்கார்ந்தார்கள். செண்பகா வழக்கம்போல ஸ்டேஷன் பலகை படித்துக்கொண்டு வந்தாள். ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று சின்னதாக எழுதியிருக்கும். பிறந்ததிலிருந்து இந்த வழியில் போய் வருகிறேன், நான் பார்த்ததே இல்லை. இவள் ஒவ்வொரு பலகையையும் படித்து, இதுவரை எத்தனை மீட்டர் இறங்கியிருக்கிறோம் என்று சொல்லுவாள். வீட்டில் யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை. என்ன பதில் சொல்வது? அன்றைக்கு அவள் ஆழ்வார்குறிச்சி உயரத்தைச் சொன்னாள். எதிரே இருந்த பையன் பிரேக் பிடிக்கிற சத்தத்தை வாயால் போட்டான். அடுத்து அம்பாசமுத்திரம் உயரம் சொன்னாள். அவன் இன்னொரு விதமாகச் சத்தம் போட்டான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிரேக் சத்தம் வேறு வேறாம். திருநெல்வேலி வரைக்கும் இப்படியே. ஒருத்தரை ஒருத்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கி ஆட்டோ பிடித்து வகுப்புக்குப் போனால், அந்த அம்மாவும் பையனும் அங்கேயே வந்து இறங்குகிறார்கள்!

பையன் பாசித். அம்மா பெயர் அலி பாத்திமா.

வகுப்பு எடுப்பது சலோமி மிஸ். என்னை "சார்" என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான், அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது. முதல் நாளே நான் செண்பகாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "மிஸ்ஸுக்குக் கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லு" என்றேன். மிஸ் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க சார். அவ காதால கவனிக்கா. நீங்க அந்த நாற்காலியில உட்காருங்க. ஒன்றரை மணி நேரம் பேசக் கூடாது." ஒன்றரை மணி நேரம்! அந்த நாற்காலியும் பால்வாடிப் பிள்ளைகள் நாற்காலி. முழங்கால் தாடையில் இடிக்கிறது, வாயையும் திறக்கக் கூடாது.

நான் நினைத்தது போலக் கும்பிடு போடச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு இல்லை அது. நாலு பேர் விளையாடுகிற இடத்துக்குப் போனால் முதலில் நின்று பார்க்க வேண்டும். பிறகு, "நானும் வரட்டா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் பரவாயில்லை, வேறு இடம் போகலாம். நமக்குப் பிடிக்காததை யாராவது செய்தால் அழுது புரளாமல் சொல்ல வேண்டும். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள். விளையாட்டு மாதிரியே இருக்கும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருக்கும்.

பாவூர்சத்திரம் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிறீங்களா? உங்களிடம் பாட்டில் இருக்கிறதா, சரி.

இரண்டாவது வாரம் "போதும்" பாடம். ஒரு பிள்ளை சோப்புக் குமிழி ஊத வேண்டும், இன்னொரு பிள்ளை "போதும்" என்றால் உடனே நிறுத்த வேண்டும். செண்பகா ஊதினாள். பாசித் முகத்தைச் சுற்றி ஒரே குமிழி. அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு, ரொம்ப மெதுவாக, "போதும்" என்றான். இவள் சட்டென்று நிறுத்தினாள். வாயில் வைத்த குழலைக்கூட அசைக்கவில்லை. பக்கத்தில் அலி பாத்திமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன தங்கச்சி?" என்று கேட்டேன். பேசக் கூடாது என்று மிஸ் முறைத்தார். வெளியே வந்த பிறகுதான் சொன்னாள். "வீட்டுல அவனுக்கு ஒண்ணு பிடிக்கலைன்னா தலையைச் சுவத்துல முட்டுவான் அண்ணாச்சி. வார்த்தையாச் சொன்னது இன்னைக்குத்தான்."

மிஸ்ஸும் எங்கள் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார். "இந்த வார்த்தையைப் பிள்ளை சொன்னா, அந்த நிமிஷமே எல்லாம் நிக்கணும். நின்னாத்தான் அடுத்த தடவையும் நம்பிச் சொல்லும்." நான்தான் எல்லாருக்கும் முன்னால் தலையை ஆட்டினேன்.

அந்த வாரம் வீட்டுப்பாடம் ஒன்று. வகுப்பில் உள்ள ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். ஒரு மணி நேரம் மட்டும். யாரைக் கூப்பிடலாம் என்று மிஸ் கேட்டு முடிப்பதற்குள் செண்பகா, "பாசித்" என்றாள்.

அண்ணாச்சி, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் கீழே வைங்க, இதை முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். என் மகள் ஒன்பது வருஷத்தில் ஓர் ஆளைப் பெயர் சொல்லி வேண்டும் என்று கேட்டது கிடையாது. பிறந்த நாளுக்கு யாரைக் கூப்பிட என்று கேட்டால், "யாரும் வேண்டாம், கேக்கு போதும்" என்பாள். அப்படிப்பட்டவள், "பாசித்" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை வருவதாகப் பேச்சு. பையன் என்ன சாப்பிடுவான் என்று போனில் கேட்டேன். "வெள்ளைச் சோறு, அப்பளம், அவ்வளவுதான் அண்ணாச்சி. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடக் கூடாது. வேற எதுவும் செய்யாதீங்க" என்றாள் அலி பாத்திமா. நீங்களே சொல்லுங்க. ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்த விருந்தாளி வெறும் சோறும் அப்பளமும் தின்றுவிட்டுப் போனான் என்றால், நான் பந்தியில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? விடியற்காலையிலேயே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். பதினான்கு வகை.

சரி, சரி. பதிமூன்று வகையாம், சொல்கிறாள். உப்பைச் சேர்க்கக் கூடாதாம்.

காந்திமதி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். "ஏங்க, மிஸ் ஒரு மணி நேரந்தான சொன்னாவ? இது மறுவீட்டுச் சாப்பாடு மாதிரில்லா இருக்கு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ அப்பளத்தைப் பொரி."

வந்தார்கள். சொன்னால் நம்பமாட்டீங்க, முதல் அரை மணி நேரம் தங்கம். செண்பகா அவனிடம் தன் நோட்டைக் காட்டினாள். செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி வரை எல்லா ஸ்டேஷன் உயரமும் எழுதிய நோட்டு. அவன் ஒவ்வொன்றாக விரல் வைத்து வைத்துச் சத்தம் போட்டான். கொல்லம் வண்டிச் சத்தம்கூடப் போட்டானாம். நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படியே விட்டிருக்கலாம். இப்போது தெரிகிறது. அப்போது எனக்குச் சோறு ஆறுகிறதே என்றுதான் இருந்தது.

இலை போட்டேன். பதிமூன்று வகையையும் இலையைச் சுற்றி வைத்தேன், நடுவில் சோறு, தனியாக அப்பளம். பாசித் மற்றது எதையும் பார்க்கவில்லை. அப்பளத்தை நாலு துண்டாக உடைத்தான், சோற்றைத் தனியே நாலு வாய் சாப்பிட்டான். அலி பாத்திமாவுக்கு ஆச்சரியம். "வெளிய போனா பச்சத் தண்ணி குடிக்க மாட்டான் அண்ணாச்சி" என்றாள். இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சொதிப் பாத்திரத்தை எடுத்தேன். தேங்காய்ப்பாலில் வைத்த சொதி. என் கணக்கைக் கவனிங்க: பையன் வெள்ளைதான் சாப்பிடுவான், சொதியும் வெள்ளைதானே?

பாசித் சோற்றின் மேல் கையை வைத்தான். வைத்துக்கொண்டு, "போதும்" என்றான். தெளிவாகச் சொன்னான், அண்ணாச்சி. வகுப்பில் சொன்னதைவிடத் தெளிவாக.

என் கை என்ன செய்தது தெரியுமா? விரல் சந்தில் ஊற்றிவிட்டது.

சூடு இல்லை. கையில் ஒரு சொட்டுப் படவும் இல்லை. ஆனால் சொதி சோற்றில் இறங்கி, ஓடி, அப்பளத்தைத் தொட்டுவிட்டது. பையன் அப்பளத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் போட்டான் பாருங்க ஒரு சத்தம், எந்த ஸ்டேஷனிலும் கேட்காத சத்தம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடி, குழாயடியில் உட்கார்ந்துகொண்டான். "பரவால்ல அண்ணாச்சி, நீங்க பாசத்துலதான செஞ்சீங்க" என்றாள் அலி பாத்திமா. ஆனால் அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. ஆட்டோ வந்தது, போய்விட்டார்கள்.

செண்பகா அழவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். "அவன் போதும்னு சொன்னான். நீ ஊத்துன."

"அது பாசம்டி. பெரியவங்க அப்படித்தான்."

"அவன் போதும்னு சொன்னான். நீ ஊத்துன."

படுக்கும்போது சொன்னாள். எழுந்ததும் சொன்னாள். பல் விளக்கிக்கொண்டே சொன்னாள். எத்தனை தடவை, தாயீ? நாற்பத்தொன்று. நாற்பத்தொரு தடவையாம். அதோடு நிறுத்திவிட்டாள். நிறுத்தியது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை ரவணசமுத்திரத்தில் வண்டி நின்றது. யாரும் ஏறவில்லை. "பாசித் ஏறலை" என்றாள் இவள். ஆழ்வார்குறிச்சி வந்தது, உயரம் சொல்லவில்லை. அம்பாசமுத்திரம் வந்தது, சொல்லவில்லை. திருநெல்வேலி வரைக்கும் ஒரு பலகையைக்கூடப் படிக்கவில்லை.

வகுப்பில் சலோமி மிஸ்ஸுக்கு விஷயம் போயிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சார், இன்னைக்கு நீங்க முன்னால வந்து உட்காருங்க. பிள்ளைகளோட" என்றார். ஒரு செம்பில் தண்ணீர், ஒரு டம்ளர். ஒரு பிள்ளை டம்ளரைப் பிடித்துக்கொள்ளும், நான் ஊற்ற வேண்டும், போதும் என்றால் நிறுத்த வேண்டும். இது ஒரு பெரிய காரியமா? ஊற்றினேன். "போதும்." நிறுத்தினேன். அதாவது, நிறுத்தினேன் என்று நினைத்தேன். கை கூடக் கொஞ்சம் ஊற்றிவிட்டது.

"இந்த மாமா ஃபெயில்!" என்று ஒரு பொடிசு கத்தினான்.

இரண்டாவது தடவை. "போதும்." அரைக் கரண்டி அளவு கூடுதலாக விழுந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. சத்தியமாக நான் செய்யவில்லை, அண்ணாச்சி, கை செய்கிறது. பிள்ளைகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷத்துக் கை! மிஸ் பக்கத்தில் வந்து, "அவங்க சொல்ற வரைக்கும் முகத்தைப் பார்க்காதீங்க சார். முகத்தைப் பார்த்தா நீங்களா ஒண்ணு நினைச்சுக்கிடுறீங்க. காதை மட்டும் வச்சுக் கேளுங்க" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். "போதும்." நின்றது! எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிக்காதீங்க.

அதன் பிறகு நானே நேரே போய்ச் சமாதானம் செய்துவிடலாம் என்று ரவணசமுத்திரம் போனேன், ஒரு கிலோ அல்வாவோடு. அலி பாத்திமா வாசலிலேயே, "வேண்டாம் அண்ணாச்சி, அவன் தொடமாட்டான், எங்க வீட்டுல யாருக்கும் இனிப்பு ஆகாது" என்றாள். நான் விடுவேனா? பையைக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன். உள்ளே ஜன்னலை யாரோ பட்டென்று சாத்தினார்கள். காற்றாக இருக்கும்.

நாலாவது வாரமும் அவன் ஏறவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தது. "வகுப்புன்னு சொன்னாலே கட்டிலுக்கு அடியில போயிருதான் அண்ணாச்சி. போதும்ங்கிற வார்த்தையும் இப்ப வாயில வரலை. கடைசி வாரமும் வரலைன்னா நான் இதை இதோட விட்டிருதேன். சும்மா பிள்ளையைக் கஷ்டப்படுத்தி என்னத்துக்கு?" போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளுக்குப் போன கூட்டாளி ஒரு பக்கம். அவனுக்குப் போன வார்த்தை இன்னொரு பக்கம். இரண்டையும் போக்கியது ஒரே கரண்டி.

கீழக்கடையம் தாண்டுகிறது. அடுத்தது ரவணசமுத்திரம்தான். முறுக்கு அப்படியே இருக்கிறதே, சாப்பிடுங்க. நமத்துப்போகும்.

நான் என்னென்னவோ யோசித்தேன். கடைசியில் இவள்தான் செய்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தானே ஒரு கடிதம் எழுதினாள். எனக்கு மனப்பாடம். "பாசித், என் அப்பா பயிற்சி எடுத்தார். பதினொரு முறை ஊற்றினார். எட்டு முறை சரியாக நிறுத்தினார். மூன்று முறை தப்பு. நீ வந்து சோதித்துப் பார்க்கலாம். வராவிட்டாலும் பரவாயில்லை. செண்பகா."

"அந்த மூணைச் சொல்லணுமா தாயீ? எட்டைச் சொன்னாப் போதாதா?" என்றேன்.

"மூணு தடவை தப்புதான?"

அதைப் போட்டோ எடுத்து அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அலி பாத்திமா பேசினாள். "படிச்சான் அண்ணாச்சி. மூணு முறை தப்புங்கிற வரியைத்தான் திரும்பத் திரும்ப விரல் வச்சுப் படிச்சான். இப்ப பேப்பரைத் தலகாணிக்கு அடியில வச்சிருக்கான். சனிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாரேன். ஏறுனா ஏறட்டும்."

இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. கடைசி வகுப்பு.

வேகம் குறைகிறது. அண்ணாச்சி, உங்க பக்கம்தான் பிளாட்பாரம், கொஞ்சம் எட்டிப் பாருங்க. பச்சைச் சேலை கட்டிய அம்மா யாராவது... அதோ! நிற்கிறாள். பாசித்தும் நிற்கிறான், தூணுக்குப் பின்னால், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு. ஏறவில்லையே. வண்டி இங்கே ஒரு நிமிஷம்தான் நிற்கும். செண்பகா எழுந்து வாசலுக்குப் போகிறாள், பாருங்க.

அண்ணாச்சி, என் கையைப் பிடிச்சுக்கிடுங்க. இறுக்கிப் பிடிங்க. இல்லாவிட்டால் நான் இறங்கி ஓடி, அந்தப் பையனை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடுவேன். "வா ராசா, வா" என்று வாய் வரைக்கும் வந்து நிற்கிறது. கேட்கிறதா, இவள் என்ன சொல்கிறாள்? "ஜன்னல் இடம் இருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லேன்டி! சொல்லமாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவனைப் பார்க்காமல் மேலே பலகையைப் பார்த்துக்கொண்டு. கார்டு விசில் ஊதிவிட்டான். அண்ணாச்சி, ஊதிவிட்டான்...

ஏறிவிட்டான்!

வாங்க தங்கச்சி, வாங்க. நான் ஒன்றும் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டேன். பாசித், உட்காருப்பா. சரி, உட்காராவிட்டாலும் சரி, நில்லு.

கடிதத்தை நீட்டுகிறான். 'சோதித்துப் பார்க்கலாம்' என்கிற இடத்தில் விரலை வைத்திருக்கிறான். இப்போதேவா? ஓடுகிற வண்டியிலா? செண்பகா பையிலிருந்து டம்ளரையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுக்கிறாளே, எல்லாம் ஏற்கெனவே பேசிவைத்த மாதிரி! டம்ளர் பாசித் கையில். பாட்டில் என் கையில். அண்ணாச்சி, யாரும் பேசாதீங்க. முகத்தைப் பார்க்கக் கூடாது, காதால் மட்டும் கேட்க வேண்டும். கண்ணை மூடிவிட்டேன். ஊற்றுகிறேன்.

என்ன, சத்தத்தையே காணோம்? கால் டம்ளர் இருக்கும். அரை இருக்கும். அவன் இன்னும் சொல்லவில்லையே. தங்கச்சி, நீங்க சொல்லிக்கொடுக்காதீங்க, அவன்தான் சொல்ல வேண்டும். நிறைந்துவிட்டதா? விளிம்பு வந்துவிட்டதா? என் காலில் ஏதோ சில்லென்று படுகிறதே. ஐயோ, வேட்டி! நிறுத்தட்டுமா செண்பகா?

"அவன் இன்னும் சொல்லலைப்பா."

சரி. சொல்லாமல் நிறுத்துவதும் தப்புதான். ஊற்றுகிறேன். அண்ணாச்சி, உங்க செருப்பைக் கொஞ்சம் தள்ளி வைங்க. பேப்பரையும். யார் அது சிரிப்பது? செண்பகா சிரிப்பு மாதிரிகூட இல்லை, புதுச் சிரிப்பாக இருக்கிறதே. தங்கச்சி, அவன்தானா? அவனா சிரிக்கிறான்? வேண்டுமென்றே சொல்லாமல் நிற்கிறானா, இந்தப் படவா?

"போதும்."

நின்றுவிட்டது! கண்ணைத் திறக்கிறேன், நீங்களே பாருங்க அண்ணாச்சி, பாட்டில் சாய்ந்தபடியே நிற்கிறது, வாயில் ஒரு சொட்டு தொங்குகிறது, அதுகூட விழவில்லை! உள்ளே இன்னும் இரண்டு விரல் தண்ணீர் இருக்கிறது. எழுதிக்கோ செண்பகா, பன்னிரண்டில் ஒன்பது.

உட்கார்ந்துவிட்டான் பாருங்க, ஜன்னல் இடத்தில். டம்ளரை இன்னும் நீட்டிக்கொண்டே இருக்கிறானே, என்னப்பா? என்ன சொல்கிறான், செண்பகா?

"இன்னொரு தடவைங்கான்."

இன்னொரு தடவையா! அண்ணாச்சி, உங்க பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?